எட்டணா பாக்கி

எங்கள் குடும்பம் ஒரு படகுப் பயணம் போனது. போனது 1952-இல். இன்னும் போய்க்கொண்டேதான் இருக்கிறது. கல்யாணம், காதுகுத்து, பதிமூன்றாம் நாள் சுபம் என்று எங்கே நாலு பேர் இலை முன்னால் உட்கார்ந்தாலும் அந்தப் படகு மறுபடி கிளம்பிவிடும். பெரியத்தை சொல்லும்போது அதில் முதலை வரும். சித்தப்பா சொல்லும்போது வெள்ளைக்காரத் துரை ஒருவர் குதிரையில் வந்து தாத்தாவுக்குச் சலாம் போடுவார். "சுதந்திரம் வந்து நாலரை வருஷம் ஆச்சே சித்தப்பா" என்றால், "அவன் ஒருத்தன் போகாம இருந்தான்டா" என்பார். பயணத்தின்போது சித்தப்பாவுக்கு வயது மூன்று. முக்கால்வாசி நேரம் தூளியில் தூங்கினார்.

ஆறு பதிப்புகளையும் ஒத்துப் பார்த்து, பொய்யைக் கழித்து, மிச்சத்தைக் கீழே தருகிறேன். கழிக்க மனசு வராத பொய்கள் ஒன்றிரண்டு இருக்கலாம்.

தாத்தா மயிலாப்பூரில் குடியிருந்த அரசாங்க குமாஸ்தா. 1952 ஜனவரியில் நாட்டின் முதல் பொதுத்தேர்தல் நடந்தபோது அவரை வாக்குச்சாவடி வேலைக்கு அனுப்பினார்கள். அதற்குக் கொஞ்சம் படி கிடைத்தது. கையில் எதிர்பாராத காசு புரண்டால் மனிதனுக்குக் கலையார்வம் வந்துவிடும். தாத்தாவுக்கு வந்தது. "பல்லவனைப் பார்க்காம நாம என்ன தமிழர்கள்?" என்று ராத்திரிச் சாப்பாட்டின்போது கேட்டார். பதினாலு பேரை பஸ்ஸில் அழைத்துப்போனால் எவ்வளவு ஆகும் என்று பாட்டி திருப்பிக் கேட்டாள். கலையார்வம் அந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறியது.

அப்போதுதான் தாத்தாவுக்குப் படகு தோன்றியது. மயிலாப்பூரில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி அது. பக்கிங்காம் கால்வாய் வழியாகச் சவுக்குக்கட்டை, உப்பு, கிளிஞ்சல் எல்லாம் படகில் வந்து இறங்கும். விறகுத் தொட்டிகளுக்குக் கட்டை அந்த வழியில்தான் வரும். வரும்போது பாரம் ஏற்றி வருகிற படகு, தெற்கே திரும்பும்போது காலியாகத்தானே போகும்? காலிப் படகில் மனிதர்களை ஏற்றினால் படகுக்காரனுக்கு அது உபரி வருமானம். உபரி வருமானம் என்றால் பேரம் பேசலாம். தாத்தாவின் பொருளாதாரம் முழுவதும் இந்த மூன்று வாக்கியத்தில் அடக்கம்.

போக வர ஆறு ரூபாய். பாதிப் பணம் மாமல்லபுரத்தில், மீதி மயிலாப்பூர் திரும்பியதும். ஒரு பகல் காத்திருந்து கூட்டிவர வேண்டும். படகுக்காரர் எட்டு ரூபாயில் ஆரம்பித்தார் என்று அத்தையும், பத்தில் ஆரம்பித்தார் என்று சித்தப்பாவும் சொல்வார்கள். தாத்தா செத்து நாற்பது வருஷமாகியும் அவருடைய பேரத்திறமைக்கு மவுசு ஏறிக்கொண்டே இருக்கிறது.

இதே கால்வாயில், அதற்குப் பதினெட்டு வருஷம் முன்னால், 1934-இல் பாரதிதாசன் நண்பர்கள் புடைசூழ நிலா வெளிச்சத்தில் தோணியேறி மாமல்லபுரம் போயிருக்கிறார். 'மாவலிபுரச் செலவு' என்று அதைப் பாட்டாகவும் எழுதினார். செலவு என்றால் பழந்தமிழில் பயணம். தாத்தாவுக்குத் தெரிந்தது ஒரே செலவுதான். அதனால்தான் அவர் போனதற்குப் பாட்டு இல்லை, கணக்கு நோட்டு மட்டும் இருக்கிறது.

பௌர்ணமியை ஒட்டிய ஒரு தை மாதச் சனிக்கிழமை சாயங்காலம் கிளம்பினார்கள். பாட்டி வீட்டையே படகில் ஏற்றினாள். இரண்டு தூக்கு புளிசாதம், ஒரு தூக்கு தயிர்சாதம், முறுக்கு டின், குடிக்கக் கூஜாவில் தண்ணீர், ஜமக்காளம், அரிக்கேன் விளக்கு, கும்மட்டி அடுப்பு. "தண்ணி மேல போறப்ப அடுப்பு எதுக்கு?" என்று தாத்தா கேட்டதற்கு, "காலையில காபி உங்க பல்லவன் போட்டுக் குடுப்பானா?" என்று பதில் வந்தது. அன்றைய பயணத்தில் வரலாற்று ரீதியாக மறுக்க முடியாத கேள்வி அது ஒன்றுதான்.

காலிப் படகு என்றால் உண்மையில் காலி இல்லை. கட்டை இறக்கிய படகில் சவுக்குச் சிராய்கள் இருந்தன. கட்டையோடு வந்து கட்டையோடு இறங்காத கட்டெறும்புகளும் இருந்தன. மூங்கிலை வளைத்துப் பாட்டியின் பழைய புடவை இரண்டைக் கட்டிக் கூடாரம் போட்டார்கள். உள்ளே பெண்கள், வெளியே ஆண்கள், இரண்டு பக்கமும் எறும்புகள். ஒருவர் படகின் பின்னாலிருந்து கழியை ஊன்றித் தள்ள, இன்னொருவர் கரையில் நடந்தபடி கயிற்றால் இழுத்தார். கயிறு இழுத்தது படகுக்காரரின் மகன். என் அப்பாவைவிட நாலைந்து வயதுதான் பெரியவன். அப்பாவுக்கு அப்போது ஒன்பது வயது. "அவனை மட்டும் நடக்க விட்டாங்க, என்னை விடலை" என்பது அப்பாவின் நெடுநாள் பொறாமை. மாமல்லபுரம் வரை ஐம்பது கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட வரும் என்பது அந்த வயதில் அவருக்குத் தெரியவில்லை.

படகு மயிலாப்பூரைத் தாண்டி அடையாற்றில் இறங்கியது. வடக்கிலிருந்து வரும் கால்வாய் அடையாற்றில் விழுந்து, எதிர்க்கரையில் கோட்டூர்ப் பக்கம் மறுபடி எழுந்து தெற்கே போகும். நடுவில் ஆற்றைக் குறுக்கே கடக்க வேண்டும். கடல் பக்கத்திலேயே இருப்பதால் அங்கே ஏற்றவற்றம் உண்டு. தாத்தா பஞ்சாங்கத்தில் ராகுகாலம், எமகண்டம், சூலம் எல்லாம் பார்த்தார். வற்றம் பார்க்கவில்லை. கோட்டூர்க் கரைக்கு ஒரு கூப்பிடு தூரத்தில் படகு சேற்றில் உட்கார்ந்துகொண்டது. "தண்ணி ஏறினாத்தான் சாமி நவுரும்" என்று படகுக்காரர் பீடி பற்ற வைத்தார்.

மூன்று மணி நேரம். நிலா வெளிச்சம். கொசு. புளிசாதம் அங்கேயே தீர்ந்தது. தாத்தா நேரத்தை வீணாக்காமல் மகேந்திரவர்மனில் தொடங்கி நரசிம்மவர்மன் வாதாபியைக் கொளுத்தியது வரை சொற்பொழிவாற்றினார். வாதாபி எரிந்து முடிவதற்குள் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். கரையில் அப்போது தோப்பும் வயலும்தான். "இந்தக் காட்டுல எவன் குடியிருப்பான்?" என்று பாட்டி கேட்டாளாம்.

அவள் பிள்ளைதான் குடியிருந்தார். 1979-இல் என் அப்பா கோட்டூர்புரத்தில் ஒரு வீட்டுவசதி வாரியக் குடியிருப்பை வாங்கினார். அதனால்தான் எங்கள் வீட்டில், "நாங்க கோட்டூர்புரத்துல செட்டில் ஆனது 1952-லேயே" என்று சொல்லிக்கொள்வோம்.

அந்தச் சேற்றில் மூன்று மணி நேரம் படகை நிறுத்திவிட்டு, அந்தக் கால்வாயை யார் வெட்டினார்கள் என்று பார்த்துவிடலாம். அந்தக் கதையும் எங்கள் வீட்டுக் கதை மாதிரிதான், சொல்கிறவர் வசதிக்கு நீளும், சுருங்கும்.

முதலில் பாசில் காக்ரேன் என்று ஒரு ஸ்காட்லாந்துக்காரர். பிரிட்டிஷ் கடற்படைக்குச் சாப்பாட்டுச் சாமான் சப்ளை செய்த காண்ட்ராக்டர். சென்னையிலிருந்து எண்ணூர் வரை ஒரு கால்வாய் வெட்டினார். 1806-இல் அது திறந்தது, காக்ரேன் கால்வாய் என்றே பெயரும் வைத்தார்கள். இந்தியாவில் பெரும்பணம் சேர்த்துக்கொண்டு ஊருக்குப் போனவர் லண்டனில் நீராவிக் குளியல் நிலையம் வைத்தார். பாட்னாவில் பிறந்த சேக் தீன் முகமது அங்கே வேலைக்குச் சேர்ந்து துரைமார்களைப் பிடித்துவிட்டார். ஷாம்பூ என்ற சொல் இங்கிலாந்தில் ஊர்ப்பேச்சானதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. இன்று நம் கால்வாயில் மிதக்கும் பத்தில் இரண்டு குப்பை ஷாம்பூ பாக்கெட் என்பதைப் பார்க்கும்போது, காக்ரேன் ஆவி இன்னும் வந்துபோகிறதோ என்று எனக்குச் சந்தேகம்.

இரண்டாவது ஆள்தான் பெயர் கொடுத்தவர். பக்கிங்காம் அண்ட் சாண்டோஸ் மூன்றாம் பிரபு, 1875 முதல் 1880 வரை சென்னை கவர்னர். முழுப்பெயர் ரிச்சர்டு பிளாண்டாஜெனட் காம்ப்பெல் டெம்பிள் நுஜென்ட் பிரிட்ஜஸ் சாண்டோஸ் கிரென்வில். ஒரே ஆள்தான். ரேஷன் கார்டில் எழுதினால் குடும்பத்துக்கே இடம் இருக்காது. இவருடைய அப்பா, இரண்டாம் பிரபு, கடன் வாங்கியே புகழ்பெற்றவர். 1848-இல் ஸ்டோவ் மாளிகையின் தட்டுமுட்டுச் சாமான் வரைக்கும் ஏலம் போனது. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை சென்னைக்கு வந்த மறுவருஷமே பஞ்சம் வந்தது.

1876 முதல் 1878 வரை. அரைக்கோடிப் பேருக்கு மேல் செத்த பஞ்சம். கவர்னர் ஜெனரல் கல்கத்தாவிலிருந்து இன்னொரு ரிச்சர்டை அனுப்பினார், சர் ரிச்சர்டு டெம்பிள். கவர்னர் பெயரில் ரிச்சர்டு, டெம்பிள் இரண்டும் ஏற்கெனவே இருந்தன என்பதால் ஊருக்குப் புதிதாக எதுவும் வந்ததாகச் சொல்ல முடியாது. நிவாரண வேலை செய்கிறவனுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று டெம்பிள் கணக்குப் போட்டார். ஒரு பவுண்டு என்றால் ஏறக்குறைய 450 கிராம். அதில் நாள் முழுக்க மண் வெட்ட வேண்டும். கார்னிஷ் என்ற சுகாதார அதிகாரி இது போதாது என்று சண்டை பிடித்தார். ஒரு மனிதன் சாகாமல் இருக்க எவ்வளவு அரிசி என்று இரண்டு அதிகாரிகள் வாதாடிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில்தான் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் எட்டு கிலோமீட்டர் வெட்டப்பட்டது, பஞ்ச நிவாரண வேலையாக. மயிலாப்பூர் வழியாகப் போகிற அதே எட்டு கிலோமீட்டர். எலும்பும் தோலுமாக இருந்தவர்கள் கூடை சுமந்தார்கள். பெயர் பக்கிங்காம் பிரபுவுக்குப் போனது.

ஒரு கூடை மண்ணாவது அவர் தூக்கினாரா? நம் வீட்டுக் கிரகப்பிரவேசக் கல்வெட்டில் மேஸ்திரி பெயர் இருக்கிறதா என்ன, அந்த வழக்கப்படிதான்.

சரி, தண்ணீர் ஏறிவிட்டது. படகைக் கிளப்பலாம்.

ராத்திரி முழுக்க அந்தப் பையன் கயிறு இழுத்தான். திருவான்மியூர் பக்கம், முட்டுக்காட்டுக் கழி எல்லாம் எங்கள் ஆட்கள் தூக்கத்தில் கடந்தார்கள். அத்தையின் முதலை இங்கேதான் எங்கோ வருகிறது. காலையில் பாட்டி கும்மட்டி அடுப்பில் காபி போட்டாள். படகுக்காரருக்கும் பையனுக்கும் ஆளுக்கொரு டம்ளர் கொடுத்தாள். இதை எந்தப் பதிப்பும் மறுக்கவில்லை.

மாமல்லபுரத்தில் இறங்கியதும் தாத்தா மூன்று ரூபாயை எண்ணினார். எண்ணி, அதிலிருந்து எட்டணாவைத் திரும்ப எடுத்துக்கொண்டார். சேற்றில் நின்ற மூன்று மணி நேரத்துக்குக் கழிவாம். படகுக்காரர் தாத்தாவை ஒரு பார்வை பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. இரண்டரை ரூபாயை இடுப்பில் செருகிக்கொண்டு, மகனைக் கூப்பிட்டுக்கொண்டு போனார். இதைச் சொல்வது அப்பா மட்டும்தான். மற்ற ஐந்து பதிப்புகளிலும் எட்டணாவே கிடையாது.

பல்லவ விஜயம் சுருக்கமானது. பெரிய பாறைச் சிற்பத்தின் முன்னால் நின்று தாத்தா அர்ச்சுனன் தபசு என்று ஆரம்பிக்க, பக்கத்தில் நின்ற யாரோ ஒருவர் அது பகீரதன் என்று திருத்தினார். படித்தவர்களே இன்றுவரை முடிக்காத வழக்கு அது. இரண்டு பேரும் வெயிலில் ஒன்றரை மணி நேரம் நடத்தினார்கள். பாட்டி சிற்பத்தின் கீழ்ப்பக்கம் கையைத் தூக்கிக்கொண்டு தவம் செய்கிற பூனையைக் கண்டுபிடித்து, சுற்றி எலிகள் நிற்பதையும் பார்த்து, தாத்தாவைத் திரும்பிப் பார்த்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் கால்வாய்க் கரைக்குத் திரும்பினால் படகு இல்லை.

தண்ணீர் இருந்தது, கரை இருந்தது, பாட்டியின் புடவை இரண்டும் மடித்துக் கல் வைக்கப்பட்டு இருந்தன. மேலே முறுக்கு டின். படகு மட்டும் மரக்காணத்துக்கு உப்பு ஏற்றப் போய்விட்டது. எட்டணா குறைந்தால் எவ்வளவு தூரம் குறைக்கலாம் என்று அவரும் ஒரு கணக்குப் போட்டிருக்கிறார். பதினாலு பேரும் திருக்கழுக்குன்றம் வழியாக பஸ், செங்கல்பட்டில் ரயில் என்று வீடு வந்து சேர்ந்தார்கள். கணக்கு நோட்டில் அந்தப் பக்கத்தைத் தாத்தா கிழித்துவிட்டார். கிழித்த விளிம்பு இன்னும் இருக்கிறது.

அதற்குப் பிறகு கால்வாய்க்கு நல்ல காலம் வரவில்லை. லாரியும் ரயிலும் சரக்கைப் பிடுங்கிக்கொண்டன. அறுபதுகளின் நடுவில் புயல் வந்து கரைகளை உடைத்தது, உடைந்ததை உருப்படியாக யாரும் கட்டவில்லை. தண்ணீர் போய்ச் சாக்கடை வந்தது. அப்புறம் கால்வாயின் நடுவிலேயே தூண் நட்டுப் பறக்கும் ரயில் விட்டார்கள். 2004-இல் அது திருமயிலையிலிருந்து திருவான்மியூர் வரை நீண்டபோது எங்களுக்கும் ஒரு ஸ்டேஷன் கிடைத்தது. கோட்டூர்புரம் ஸ்டேஷனில் நின்று எட்டிப் பார்த்தால், தாத்தாவின் படகு போன வழி கறுப்பாக, நகராமல் படுத்திருக்கும். தூணை நட்டு முடித்த பிறகு, 2008-இல் டில்லியில் ஒரு சட்டம் போட்டார்கள். காக்கிநாடாவிலிருந்து புதுச்சேரி வரைக்கும் கால்வாய்கள், கூடவே கோதாவரி, கிருஷ்ணா எல்லாம் சேர்த்து தேசிய நீர்வழி எண் 4. ஆகவே சட்டப்படி எங்கள் ஸ்டேஷன் ஒரு தேசிய நீர்வழியின் மேல் நிற்கிறது. படகுதான் வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

வந்தது. 2015 டிசம்பர் 2, புதன்கிழமை.

அப்பா 1979-இல் வீடு பார்க்கப் போனபோது கீழ்த்தளச் சுவரில் 1976 வெள்ளத்தின் கறை இருந்தது. அதைப் பார்த்துவிட்டு முதல் மாடியாக வாங்கினார். எங்கள் பரம்பரையிலேயே தண்ணீரைக் கணக்கில் எடுத்துக்கொண்ட முதல் ஆள். ஆனால் 2015-இல் ஆறு அவர் கணக்கையும் தாண்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள், வழியில் இருந்த ஏரிகளின் உபரியும் கூடச் சேர்ந்தது. ராத்திரியோடு ராத்திரியாக அடையாறு எங்கள் படிக்கட்டில் ஏறியது. அந்த மழையில் தமிழ்நாட்டில் நானூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதனால் எங்கள் மொட்டைமாடிக் கதையைக் குரல் தாழ்த்தித்தான் சொல்வேன்.

நாங்கள் மூன்று குடும்பம் மொட்டைமாடியில் தார்ப்பாய் கட்டி முகாம் போட்டோம். கரண்ட் இல்லை, போன் இல்லை, கீழே கார்கள் எல்லாம் தண்ணீருக்குள் கூரையை மட்டும் காட்டின. என் அம்மா புளிக்காய்ச்சல் ஜாடியையும் கேஸ் அடுப்பையும் மேலே தூக்கி வந்தாள். "அடுப்பு எதுக்கு?" என்று வாயெடுத்த அப்பா, பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். அறுபத்து மூன்று வருஷம் கழித்தாவது ஒரு கேள்விக்கான பதில் அவருக்குத் தெரிந்திருந்தது.

மதியம் ஒரு ஃபைபர் படகு எங்கள் தெருவுக்குள் வந்தது. மீனவர்கள். கடலோரக் குப்பங்களிலிருந்து லாரியில் படகுகளை ஏற்றிவந்து ஊருக்குள் இறக்கியிருந்தார்கள். மாடிப்படியின் நடுவளைவில் படகை அணைத்துப் பிடித்தபடி ஒருவர், "பெரியவரே, காலை உள்ள வைங்க, கையை எங்கிட்ட குடுங்க" என்றார். எழுபத்திரண்டு வயது அப்பா ஏறி உட்கார்ந்தார். நேர்முக வர்ணனை உடனே ஆரம்பமானது. "இதே எடம்தான். இங்கதான் எங்க படகு தட்டிடுச்சு. அம்பத்திரெண்டுல." மழையில் நனைந்து, காலையிலிருந்து சாப்பிடாமல் துடுப்பு போடுகிற மனிதர் "அப்பிடியா பெரியவரே" என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. அப்பா விடவில்லை. மகேந்திரவர்மன் வந்துவிடுவானோ என்று நான் பயந்துகொண்டிருக்கும்போதே மேட்டுத் தெரு வந்துவிட்டது.

இறங்கியதும் அப்பா சட்டைப்பையிலிருந்து பிளாஸ்டிக் கவரை எடுத்து, அதற்குள்ளிருந்து ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினார். "ஐயே, வச்சிக்க பெரியவரே, இதுக்கா வந்தோம்" என்று அவர் கையை ஒதுக்கிவிட்டு அடுத்த தெருவுக்குப் படகைத் திருப்பினார். "உன் பேரு என்னப்பா?" என்று அப்பா கத்தினார். மழைச் சத்தத்தில் பதில் காதில் விழவில்லை.

அப்பா அந்தத் தாளைச் செலவு செய்யவே இல்லை. ஈரம் காய வைத்து, தாத்தாவின் கணக்கு நோட்டில், பக்கம் கிழிந்த இடத்தில் வைத்தார். "எட்டணா, வட்டியோட" என்று பென்சிலால் எழுதி, அந்தப் படகுக்காரர் என்றைக்காவது இந்தப் பக்கம் வந்தால் கொடுக்க வேண்டும் என்று எல்லாரிடமும் சொல்லிவைத்தார்.

2016 நவம்பர் 8 ராத்திரி எட்டு மணிக்குப் பிரதமர் டி.வி.யில் பேசினார், ஐந்நூறு ரூபாய்த் தாள் இனிச் செல்லாது என்று. நோட்டுக்குள் இருந்த தாள் எங்கள் யாருக்கும் ஞாபகத்துக்கு வரவில்லை. அடுத்த தை மாதம் அலமாரி ஒழித்தபோதுதான் கண்ணில் பட்டது. அதற்குள் வங்கியில் மாற்றும் கெடுவும் முடிந்திருந்தது.